கொடைக்கானல் வீட்டுக்கு வரிக்கணக்கு: வத்தலக்குண்டு ஆடிட்டர் அலுவலகம் எப்படி?

குடியிருக்க ஊரில் ஒரு வீடு, கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஏற்காட்டிலோ இன்னொரு வீடு, அதை அவ்வப்போது வாடகைக்கு விடுவது என்று இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலையில் வீடு வாங்கும்போது தண்ணீர் வருமா, பட்டா சரியா, கார் போக வழி உண்டா என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். வரிக்கணக்கை யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. பென்ஷன் கணக்குப் பார்க்கிறவரிடமே இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். இந்த வேலைக்கென்றே தேர்ந்த ஒருவரிடம் போனால் எவ்வளவு வித்தியாசம் என்பதை நான் நேரில் பார்த்துவிட்டேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அலுவலகம் வத்தலக்குண்டில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருக்கிறது. மதுரைப் பக்கமிருந்து கொடைக்கானல் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரைத் தாண்டித்தான் ஏறுகிறோம், அதனால் தனியாக ஒரு பயணம் தேவையில்லை. பெயரை நான் போடவில்லை. ஆடிட்டர்கள், அதாவது பட்டயக் கணக்காளர்கள், விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று அவர்கள் சட்டத்திலேயே கட்டுப்பாடு உண்டு. "பொதுவில் பேர் போட வேண்டாம்மா, தெரிஞ்சவங்க சொல்லி வந்தா போதும்" என்று ஆடிட்டரே கேட்டுக்கொண்டார். கொடைக்கானலில் வீடு வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். எனக்கு ஊர் மதுரை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கைக்கு வந்த பணத்தில் நாயுடுபுரம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை என் பெயரில் வாங்கினேன். பக்கத்திலேயே குடியிருக்கும் ஒரு தம்பதி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். விருந்தினர் கேட்டால் காலையில் இட்லி, தோசை செய்து கொடுப்பார்கள். பாதிக்கு மேல் முன்பதிவு ஆன்லைன் தளங்கள் வழியாக வருகிறது. மீதி, ஏற்கெனவே வந்து தங்கியவர்கள் நேராக போன் செய்து வருவது.

இதற்கு முன்னால் மதுரையில் ஒரு வரி ஆலோசகரிடம் கொடுத்து வந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வாடகை எவ்வளவு வந்துச்சு?" சொன்னேன். அதில் 30 சதவீதம் கழித்தார், மிச்சத்தை வருமானத்தில் சேர்த்தார், முடிந்தது. வத்தலக்குண்டு ஆடிட்டர் அந்தப் பழைய தாக்கலைப் பார்த்துவிட்டு ஒன்றும் குறை சொல்லவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார். சாவி யாரிடம் இருக்கிறது? நாள் கணக்கில் விடுகிறீர்களா, மாதக் கணக்கிலா? படுக்கை விரிப்பை மாற்றுவது யார்? சாப்பாடு உண்டா? போன வருஷம் நீங்கள் அங்கே போய்த் தங்கினீர்களா? வீடு வாங்கிய பணம் யாருடையது? மதுரை வீட்டில் வாடகைக்கு யாராவது இருக்கிறார்களா? இதைத் தவிர வேறு வீடு ஏதாவது?

வீட்டைப் பற்றி இவ்வளவு கேட்கிறாரே, வரியைப் பற்றி எப்போது பேசுவார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு சட்ட விஷயம் இருந்தது. அதை அவர் பொறுமையாகச் சொன்ன விதம்தான் இந்த அலுவலகத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம்.

இரண்டாவது வீடு வைத்திருக்கிறோம் என்பதற்காக மட்டும் வருமான வரி வந்துவிடாது. முன்பெல்லாம் ஒரு வீட்டைத்தான் 'சொந்தக் குடியிருப்பு' என்று காட்ட முடியும். இரண்டாவது வீடு பூட்டியே கிடந்தாலும், அதை விட்டிருந்தால் என்ன வாடகை வந்திருக்கும் என்று கணக்கிட்டு, வராத அந்த வாடகைக்கு வரி போடுவார்கள். 2019 பட்ஜெட்டில் இது மாறி, இரண்டு வீடுகள் வரை சொந்தக் குடியிருப்பாகக் காட்டலாம் என்று ஆனது. அப்போதும், அந்த வீட்டில் நாம் ஏன் குடியிருக்கவில்லை என்பதற்கு வேலை, தொழில் என்று காரணம் இருக்க வேண்டும். 2025 பட்ஜெட் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டது. எந்தக் காரணத்தால் அங்கே குடியிருக்க முடியாமல் போனாலும் சரி, இரண்டு வீடுகளுக்கும் ஆண்டு மதிப்பு, அதாவது வரிக்கு எடுக்கும் வாடகை மதிப்பு, பூஜ்யம்தான். மூன்றாவது வீடு இருந்தால் அதற்கு மட்டும் அந்தப் பழைய கற்பனை வாடகைக் கணக்கு இன்னும் உண்டு. "வேறு வீடு ஏதாவது?" என்று கேட்டது அதற்காக.

அடுத்து அவர் சொன்னது, மலை வீட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம். அந்த வீட்டை வருஷத்தில் கொஞ்ச நாள் வாடகைக்கு விட்டாலும், அந்த வருஷம் முழுவதற்கும் சொந்தக் குடியிருப்பு என்ற சலுகை போய்விடும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இப்படித்தான். மே மாதம் மட்டும் வீட்டை அப்படியே ஒரு குடும்பத்துக்கு விட்டுவிட்டு, மற்ற நாட்களில் தாங்களே வந்து போவார்கள். அவர்களுக்குக் கணக்கு எப்படி வரும் என்று ஆடிட்டரிடம் கேட்டேன். ஒரு தாளை எடுத்து எழுதியே காட்டினார். அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட வீட்டுக்கு மாதம் 15,000 வாடகை வரும் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,80,000. மே மாதம் கையில் வந்தது 60,000. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும், ஆகவே 1,80,000. அதில் கட்டிய சொத்து வரி 5,000 கழித்தால் 1,75,000. 30 சதவீதம் நிலைக் கழிவு போக 1,22,500. அறுபதாயிரம் வாங்கிவிட்டு ஒன்றேகால் லட்சத்துக்கு வரிக்கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆள் வராமல் வீடு காலியாகக் கிடந்திருந்தால் அதற்குச் சட்டத்தில் சலுகை உண்டு. நாமே போய்த் தங்கிய நாட்களை அந்தக் காலி நாட்களில் சேர்க்க முடியாது. "போன வருஷம் நீங்க தங்குனீங்களா?" என்ற கேள்வியின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பணம் யாருடையது என்று கேட்டதும் அப்படித்தான். கணவர் தன் பணத்தில் வாங்கி மனைவி பெயரில் பத்திரம் போட்டிருந்தால், பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் அந்த வருமானத்தை வரிக்குக் கணவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். என் விஷயத்தில் என் ஓய்வுப் பணம் வங்கியிலிருந்து நேராகப் போனதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து என் கோப்பில் வைத்துவிட்டார்கள்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். நாள் வாடகை, ஆள் வைத்துச் சுத்தம் செய்வது, விரிப்பு மாற்றுவது, காலைச் சாப்பாடு என்று இவ்வளவும் இருக்கும்போது அது வெறும் வீட்டு வாடகை ஆகாது, தொழில் வருமானம் என்றார். அப்படிக் காட்டும்போது உண்மையில் ஆன செலவைக் கழிக்கலாம். 2024-25 ஆம் ஆண்டுக்கு என் வரவு 4,80,000. பழைய ஆலோசகரின் முறையில் போட்டால் சொத்து வரி 6,000 போக 4,74,000, அதில் 30 சதவீதம் கழித்து 3,31,800 வருமானம் நிற்கும். உண்மைச் செலவு என்ன? தளங்களின் கமிஷனும் அதன்மேல் வரும் ஜி.எஸ்.டி.யும் 60,000. பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சம்பளம் 1,20,000. கரண்ட், கேஸ், தண்ணீர் வண்டி, சலவை எல்லாம் 55,000. மழைக்காலத்தில் கூரை ஒழுகி, அதைச் சரிசெய்ததும் சேர்த்து மராமத்து 40,000. சொத்து வரி 6,000. ஆக 2,81,000 போக மீதி 1,99,000. இரண்டு கணக்குக்கும் இடையில் 1,32,800 வித்தியாசம். என் வரி அடுக்கில் செஸ்ஸும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 13,800 ரூபாய். பென்ஷன்காரிக்கு அது சின்னத் தொகை இல்லை.

இந்த இடத்தில் நான் ஒன்று கேட்டேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் உறவுக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்: சிறு தொழில்களுக்கு 44ஏடி என்று ஒரு பிரிவு இருக்கிறது, வங்கி வழியாக வந்த பணத்தில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகமே வேண்டாம் என்று. எனக்கு எல்லாமே வங்கி வழிதான். அப்படியானால் 28,800 ரூபாய் காட்டினால் போதுமே? ஆடிட்டர் தலையை ஆட்டினார். "பிரிவு இருக்கு, உங்களுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனா 6 சதவீதம்ங்கிறது குறைஞ்சபட்சம். கையில ஒண்ணே முக்கால், ரெண்டு லட்சம் நிக்குதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே 28,800-ன்னு நான் எழுத மாட்டேன்மா." அதே பிரிவின் கீழ், அதற்கான ஐ.டி.ஆர். 4 என்ற தாக்கல் படிவத்தில், லாபம் 1,99,000 என்று காட்டினோம். வருஷம் முழுவதும் செலவு நோட்டு எழுதி வைப்பவளுக்கு இந்த முறை எந்தச் சங்கடமும் இல்லை. அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது இந்தப் பதிலால்தான்.

அப்புறம் வரவை எப்படி எண்ணுவது என்பது. தளத்திலிருந்து வங்கிக்கு வரும் பணம் கமிஷன் போக வருவது. பாஸ்புத்தகத்தைப் பார்த்துக் கூட்டினால் எனக்கு அந்தப் பக்கம் 2,50,000தான் தெரியும். விருந்தினர் கொடுத்த மொத்த அறை வாடகை 3,10,000. காட்ட வேண்டியது மொத்தத்தை, கமிஷனைச் செலவில் கழிக்க வேண்டும். இதற்காகத் தளத்தின் கணக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டு வருமான அறிக்கையை எப்படி இறக்குவது என்று அலுவலகத்தில் இருக்கிற ஒரு பெண் என் போனிலேயே செய்து காட்டினாள். பிறகு ஆடிட்டர் அதையும் பாஸ்புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரிசைக்கு வரிசை நகர்த்திக்கொண்டே டிக் அடித்தார். இரண்டு இடத்தில் பொருந்தவில்லை. ஒன்று, விருந்தினர் ரத்து செய்து பணம் திரும்பிப் போனது. இன்னொன்று, மார்ச் கடைசியில் தங்கியவர்களின் பணம் ஏப்ரலில் வந்தது. இரண்டுக்கும் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதினார். நோட்டீஸ் ஏதாவது வந்தால் பதில் சொல்ல அந்தப் பென்சில் குறிப்பே போதும்.

தளங்கள் நமக்குப் பணம் அனுப்பும்போதே வரி (டி.டி.எஸ்.) பிடிப்பது பற்றியும் தெரிந்துகொண்டேன். 194-ஓ பிரிவின்படி முன்பு 1 சதவீதம் பிடித்தார்கள், 2024 அக்டோபர் 1 முதல் அது 0.1 சதவீதம். தனிநபருக்கு அந்தத் தளம் வழியாக வருஷத்தில் 5 லட்சம் ரூபாய்க்குள் வந்து, பான் எண்ணும் கொடுத்திருந்தால் பிடிக்கவே மாட்டார்கள். என்னிடம் பிடிக்கவில்லை. அதனால் வருமான வரித் துறையின் ஏ.ஐ.எஸ். என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையில் இந்த வரவு தனியாகத் தெரியவில்லை. அங்கே தெரியவில்லை என்பதற்காகக் காட்டாமல் விடக் கூடாது என்று அவர் நான் கேட்காமலே சொன்னார்.

ஜி.எஸ்.டி. பக்கத்தைப் பார்ப்பது அதே அலுவலகத்தில் இன்னொரு அம்மா. பேச்சு கொஞ்சம் வேகம், ஆனால் விஷயம் கைவசம். அவர் முதலில் கேட்டது, "மதுரையில கடை வாடகை, வீட்டு வாடகை ஏதும் வருதா?" சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரவு வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. அந்த 20 லட்சத்தை எண்ணும்போது ஒரே பான் எண்ணில் வரும் மற்ற வாடகைகளும், வரிவிலக்கு உள்ள குடியிருப்பு வாடகை உட்பட, சேரும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. பதிவு இல்லாதவர் தளம் வழியாக அறை கொடுத்தால், விருந்தினரிடம் ஜி.எஸ்.டி. வாங்கிக் கட்டும் பொறுப்பு தளத்துடையது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு அது 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். நேராக போன் செய்து வருகிறவர்களிடம் பதிவு இல்லாத நான் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். சில வீடுகளில் 'டாக்ஸ் தனி' என்று சொல்லி வாங்குகிறார்கள். எண் இல்லாமல் அப்படி வாங்குவது குற்றம். தங்கப் போகிறவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறுபது வயது தாண்டியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மூத்த குடிமக்கள் முன்கூட்டி வரி கட்ட வேண்டியதில்லை என்று ஒரு சலுகை உண்டு அல்லவா, அது தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு மட்டும். மலை வீட்டு வரவைத் தொழிலாகக் காட்ட ஆரம்பித்ததும் அந்தச் சலுகை போய்விடும். பிடித்த டி.டி.எஸ். போக வரி 10,000 ரூபாய்க்கு மேல் வருமானால், 44ஏடி-யில் இருப்பவர்கள் மொத்தத்தையும் மார்ச் 15-க்குள் கட்டிவிட வேண்டும், தவறினால் வட்டி. மார்ச் முதல் வாரத்தில் இந்த அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் தொகையோடு செய்தி வந்துவிடும். இந்த ஞாபகப்படுத்தலை அவர்கள் விட்டதில்லை.

நகராட்சி சொத்து வரி ரசீதை அவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டுவது அது. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. வீட்டு வாடகையாகக் காட்டுகிறவர்களுக்கு அந்த வருஷத்தில் உண்மையில் கட்டிய சொத்து வரிதான் கழிவு, பாக்கி வைத்தால் கழிவு கிடையாது. ரசீதில் கட்டடம் குடியிருப்பு என்று இருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்தார். ஆனால் நகராட்சி அனுமதி, சுற்றுலாத் துறைப் பதிவு போன்ற வேலைகளை இவர்கள் எடுப்பதில்லை, அதற்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது குறைதான்.

மற்றக் குறைகளையும் சொல்கிறேன். பெரியது இது. வீட்டைத் தொழில் சொத்தாக்கித் தேய்மானம், அதாவது கட்டடம் பழசாவதற்கென்று வருஷாவருஷம் ஒரு தொகை, கழித்தால், பின்னால் விற்கும்போது, எத்தனை வருஷம் வைத்திருந்து விற்றாலும் அந்த லாபம் குறுகிய கால லாபமாகக் கணக்கிடப்படும். நீண்ட கால லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற வழியையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். இந்த வசதி கையைவிட்டுப் போகலாம். 44ஏடி-யில் போகிறவர்கள் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்காவிட்டாலும், கழித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை, "என்றைக்காவது விற்றால்?" என்று நான் கேட்ட பிறகுதான் ஆடிட்டர் சொன்னார். நான் விற்கப் போவதில்லை, அதனால் எனக்குப் பாதகம் இல்லை. இரண்டு, மூன்று வருஷத்தில் விற்கிற எண்ணம் உள்ளவர்களுக்கு வருஷாவருஷம் மிச்சமாகிற வரியைவிட இது பெரிய தொகையாக இருக்கும். முதல் நாள் கேட்கும் கேள்விகளில் இதுவும் இருக்க வேண்டும். அதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது, எல்லாம் வாய்வார்த்தையாகவே நடக்கிறது. எந்தக் காரணத்துக்காக எந்த முறையில் தாக்கல் செய்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கும் உதவும். கேட்டால் "அடுத்த தடவை தர்றோம்மா" என்கிறார்கள். அந்தக் கணக்குப் போட்ட தாளை நானே கேட்டு வாங்கி வந்தேன். மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் இல்லை. முட்டிவலிக்காரர்கள் முன்கூட்டிச் சொன்னால் அந்தப் பெண் கீழே இறங்கி வந்து தாள்களை வாங்கிக்கொள்கிறாள்.

கூட்டம் தாங்க முடியாத நேரம் ஒன்று உண்டு. 2025-இல் தாக்கல் கெடுவை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளி, கடைசியில் இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். அந்தக் கடைசி வாரத்தில் படிக்கட்டு வரை ஆள். மலைவாழைத் தோட்டக்காரர்கள், காபி எஸ்டேட்காரர்கள், என்னை மாதிரி வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில். நான் ஜூலையிலேயே முடித்துவிட்டதால் தப்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் போய் மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் உள்ளே போக முடிந்தது.

கட்டணம் எனக்கு 5,000 ரூபாய், ரசீதோடு. மதுரையில் கொடுத்ததைவிட அதிகம். வெறும் பென்ஷன், வங்கி வட்டி மட்டும் என்றால் இதில் பாதிதான் வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இங்கே வரத் தேவையும் இல்லை. வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு தாங்கள் மட்டும் போய் வருகிறவர்களுக்கும் தேவையில்லை. அவர்களை ஆடிட்டரே "உள்ளூர்லயே பார்த்துக்கோங்க" என்று அனுப்புவதை நான் உட்கார்ந்திருந்தபோதே பார்த்தேன். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு, அதிலும் தளம் வழியாக விடுகிறவர்களுக்கு, இந்தப் பணம் கொடுத்துப் போவது தகும்.

2025-26-க்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி வராது என்பதால், இனி இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். தாக்கல் செய்ய வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது, வரவை மொத்தமாகக் காட்ட வேண்டியதும் இருக்கிறது, வீட்டை எந்த வகையில் காட்டினோம் என்பது விற்கிற வரைக்கும் கூடவே வரும் என்றார். அதோடு 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் எல்லாம் வேறு. நான் மேலே எழுதிய எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

சீசன் வரவும் முன்னே மாதிரி நிச்சயம் இல்லை. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை உயர் நீதிமன்ற உத்தரவால் நாளுக்கு 4,000 வண்டிகள், சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். மலைக்கு அது நல்லதுதான், எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் பாஸ் கிடைக்காமல் ரத்தாகும் முன்பதிவுகளைத் தனியாக எழுதி வையுங்கள், பணம் திரும்பிய கணக்கு தாக்கல் நேரத்தில் கட்டாயம் வேண்டும்.

போகிறவர்கள் பத்திர நகல், வீடு வாங்கிய பணத்துக்கான வங்கிப் பக்கம், இரண்டு அரையாண்டு சொத்து வரி ரசீது, தளங்களின் ஆண்டு அறிக்கை, பாஸ்புத்தகம், சம்பளம் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிய நோட்டு, நீங்கள் போய்த் தங்கிய தேதிகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். கடன் இருந்தால் வங்கியின் வட்டிச் சான்றிதழும். செவ்வாய், புதன் காலையில் கூட்டம் குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் மறுநாள் பதில் வரும்.